உடம்பு சொல்லும் சேதி

அகளி ஒரு மலை ஊர். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடி என்ற பகுதியில் இருக்கிறது. கிழக்கே போனால் ஆனைகட்டி. அதைத் தாண்டினால் கோயம்புத்தூர். மேற்கே மலைப்பாதையில் இறங்கினால் மண்ணார்க்காடு. இங்கே தமிழ் பேசுவோர் உண்டு. மலையாளம் பேசுவோர் உண்டு. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களும் உண்டு.

இந்த ஊரில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஜீப் ஓட்டுகிறார். அம்மா கூலி வேலைக்குப் போகிறார். வீட்டில் பாட்டி இருக்கிறார். ஒரே பையன். அவனுக்கு வயது ஆறு.

பையன் அதிகம் பேச மாட்டான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டப்பா மூடியைத் தரையில் சுழற்றிவிடுவான். அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் அம்மா அவனைக் கடைவீதிக்கு அழைத்துப் போனார். நல்ல கூட்டம். ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. கடையில் ஒலிபெருக்கி பாடியது. பையன் இரண்டு காதையும் பொத்தினான். அங்கும் இங்கும் நடந்தான். பிறகு தரையில் விழுந்தான். கத்தினான். தன் கையைத் தானே கடித்தான். தூக்கப் போன அம்மாவை உதைத்தான்.

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன அம்மிணி, பையனை இப்படியா வளர்க்கிறது?"

"ரெண்டு அடி வையுங்க. சரியாப் போயிரும்."

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க."

அம்மாவுக்கு அழுகை வந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அதன் பிறகு அவனை வெளியே அழைத்துப் போகவில்லை.

வீட்டிலும் ஒரு கஷ்டம் இருந்தது. வீட்டுக்கு முன்னால் தார் ரோடு. பையன் திடீரென்று ஓடுவான். பாட்டியால் அவன் பின்னால் ஓட முடியாது. எனவே அம்மா வேலைக்குப் போனதும் பாட்டி ஒரு கயிற்றை எடுப்பார். கயிற்றின் மேல் பழைய சேலைத் துணியைச் சுற்றுவார். பையனின் இடுப்பில் கட்டுவார். மறுமுனையைத் திண்ணைத் தூணில் கட்டுவார்.

பாட்டி கொடுமைக்காரி அல்ல. அவருக்குப் பயம். வேறு வழியும் தெரியவில்லை.

வேறு வழி உண்டா? உண்டு. அதற்கு முதலில் பையனுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டிசம் என்றால் என்ன?

இந்தப் பையனுக்கு இருப்பது ஆட்டிசம். தமிழில் இதை மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள்.

ஆட்டிசம் ஒரு தொற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. பேய், பிசாசு, சாபம் எதுவும் காரணம் அல்ல. குழந்தையின் மூளை வளரும் விதம் வேறாக இருக்கிறது. அவ்வளவுதான். பிறக்கும் முன்பே இது தொடங்கிவிடுகிறது.

இந்தக் குழந்தைகள் பேசுவது, பழகுவது, விளையாடுவது எல்லாம் கொஞ்சம் வேறாக இருக்கும். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் நன்றாகப் பேசுவார்கள், நன்றாகப் படிப்பார்கள். ஆனாலும் மற்றவர்களோடு பழகுவது கடினமாக இருக்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். வழக்கம் மாறினால் தவிப்பார்கள்.

உலகத்தில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 2021ஆம் ஆண்டில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர். பணக்கார நாட்டிலும் இருக்கிறார்கள். ஏழை நாட்டிலும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943ஆம் ஆண்டில் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மருத்துவர்கள் ஒரு பெரிய தவறு செய்தார்கள். தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்றார்கள். எத்தனையோ தாய்மார்கள் இந்தப் பழியைச் சுமந்தார்கள். பின்னால் ஆராய்ந்து பார்த்தார்கள். அது முழுப் பொய் என்று தெரிந்தது.

கடைவீதியில் அந்த அம்மாவைக் குறை சொன்னவர்களும் அதே தவறைத்தான் செய்தார்கள்.

யானை வந்தால் என்ன ஆகும்?

அட்டப்பாடிக்காரர்களுக்கு யானையைத் தெரியும். இரவில் வெளியே வருகிறீர்கள். பத்தடி தூரத்தில் ஒரு காட்டு யானை நிற்கிறது. அப்போது உங்கள் உடம்புக்குள் என்ன நடக்கும்?

நெஞ்சு படபடவென்று அடிக்கும். மூச்சு வேகமாக வாங்கும். கை ஜில்லென்று ஆகும். உள்ளங்கை வியர்க்கும். வயிறு கலங்கும். அப்போது யாராவது கணக்குக் கேட்டால் சொல்ல முடியுமா? பாட்டுப் பாடச் சொன்னால் பாட வருமா? ஓடத்தான் தோன்றும். அல்லது கத்தத் தோன்றும். அல்லது கால் நகராது.

இது உடம்பின் அபாய மணி. உயிரைக் காப்பாற்றவே இந்த மணி அடிக்கிறது.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இந்த மணி சிறு விஷயத்துக்கும் அடித்துவிடும். மிக்ஸி ஓடும் சத்தம் போதும். குழல் விளக்கின் மினுமினுப்பு போதும். சட்டையின் கழுத்துப் பட்டி உறுத்தினால் போதும். வழக்கமாகப் போகும் பாதை மாறினால் போதும். நமக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தக் குழந்தைக்கு அது யானை.

பையன் தரையில் விழுந்து கத்தியது ஏன் என்று இப்போது தெரிகிறது. அது அடம் அல்ல. அடம் பிடிக்கும் குழந்தை கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். அம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். இந்தப் பையனால் நிறுத்த முடியாது. யார் பார்க்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியாது. அவன் பயத்தில் இருக்கிறான். பயந்தவனை அடித்தால் பயம் கூடும். குறையாது.

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையார் இருக்கிறார். 1947இல் பிறந்தவர். அவருக்கும் ஆட்டிசம் உண்டு. கால்நடை பற்றிப் படித்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். சிறு வயதில் சில சத்தங்கள் தனக்கு எவ்வளவு வலித்தன என்று அவர் எழுதியிருக்கிறார்.

இளம் வயதில் அவர் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போனார். ஊசி போடுவதற்காக மாடுகளை ஒரு கூண்டில் நிறுத்தினார்கள். கூண்டின் பக்கப் பலகைகள் மாட்டை மெல்ல அழுத்தின. மிரண்ட மாடுகள் சில அமைதியாயின. அதைப் பார்த்துத் தனக்கும் ஒரு அழுத்தும் பெட்டி செய்துகொண்டார். மனம் தவிக்கும்போது அதற்குள் போவார். பெட்டி மெல்ல அழுத்தும். அவர் உடம்பு அமைதியாகும். பிடிக்கயிறு அவர் கையில்தான் இருந்தது. எப்போது நிறுத்துவது என்று அவரே முடிவு செய்தார். இது முக்கியம்.

முன்கூட்டியே வரும் சேதி

அபாய மணி ஒரே நொடியில் அடிப்பதில்லை. முதலில் மெல்ல அடிக்கும். பிறகு பலமாக அடிக்கும். உடம்பு முன்கூட்டியே சேதி சொல்லும்.

கடைவீதியில் பையன் விழுவதற்கு முன் என்ன செய்தான்? காதைப் பொத்தினான். அங்கும் இங்கும் நடந்தான். அதுதான் சேதி. அப்போதே அவனை அமைதியான இடத்துக்கு அழைத்துப் போயிருக்கலாம். அம்மாவுக்கு அது தெரியவில்லை. பையனுக்கும் தெரியவில்லை. தன் நெஞ்சு வேகமாக அடிக்கிறது, தனக்குக் கோபம் வருகிறது, பசிக்கிறது என்பதெல்லாம் இந்தக் குழந்தைகளில் பலருக்குத் தெளிவாகப் புரிவதில்லை.

முகத்தில் மை ஒட்டியிருந்தால் நமக்குத் தெரியாது. கண்ணாடியைப் பார்த்தால் தெரியும். தெரிந்தால் துடைக்கலாம். உடம்பின் உள்ளே நடப்பதைக் காட்டவும் ஒரு கண்ணாடி வேண்டும்.

அப்படிப்பட்ட கண்ணாடிக்கு ஆங்கிலத்தில் பயோஃபீட்பேக் என்று பெயர். இதயத் துடிப்பு, மூச்சு, தோலின் வியர்வை, கையின் சூடு இவற்றை ஒரு கருவி அளக்கும். அளந்ததை எண்ணாக, நிறமாக, சத்தமாக, படமாகக் காட்டும். பார்ப்பவர் தன் உடம்பைத் தானே அமைதிப்படுத்தப் பழகுவார். 1960களில் அமெரிக்காவில் இந்த முறை வளர்ந்தது. தலைவலி, மனப் பதற்றம் போன்றவற்றுக்கு இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

குழந்தையிடம் எண்ணைக் காட்டி என்ன பயன்? அதனால் இதை விளையாட்டாக மாற்றினார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கடும் கோபம் வரும் குழந்தைகளுக்காக ஒரு கணினி விளையாட்டு செய்தார்கள். குழந்தை திரையில் விண்கலம் ஓட்டிச் சுட வேண்டும். விரலில் ஒரு சிறு கருவி இதயத் துடிப்பை அளக்கும். துடிப்பு அளவுக்கு மேல் போனால் துப்பாக்கி சுடாது. குழந்தை மூச்சை மெதுவாக விட வேண்டும். துடிப்பு இறங்கும். மறுபடி சுடலாம். இதைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளியானது. விளையாடிய குழந்தைகளுக்குக் கோபம் குறைந்தது என்று எழுதினார்கள்.

இந்த விளையாட்டை ஆட்டிசக் குழந்தைகளுக்கு என்றே செய்யவில்லை. ஆட்டிசக் குழந்தைகளிடம் இப்படிப்பட்ட கருவிகளைச் சோதித்த ஆய்வுகள் இன்னும் சிறியவை. எனவே இது ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து அல்ல. அமைதி அடையப் பழக்கும் ஒரு வழி. அந்த அளவில்தான் இதைப் பார்க்க வேண்டும்.

கோவாவில் நடந்தது

அகளியில் அந்தக் கருவிக்கு எங்கே போவது? கருவி இல்லாமலும் கண்ணாடி பார்க்க முடியும். நம் நாட்டிலேயே அதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

கோவா மாநிலத்தில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம் உள்ளது. அங்கும் பாகிஸ்தானின் ராவல்பிண்டி நகரிலும் சேர்ந்து ஒரு ஆய்வு நடந்தது. ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகள் அதில் கலந்துகொண்டார்கள். வயது 2 முதல் 9 வரை. ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளின் வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மொத்தம் 12 முறை. பயிற்சி கொடுத்தவர்கள் பெரிய மருத்துவர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள்.

என்ன செய்தார்கள்? அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்தார்கள். பிறகு அம்மாவும் பணியாளரும் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். குழந்தை எப்போது அம்மாவைப் பார்க்கிறது? எப்போது கையை நீட்டுகிறது? அப்போது அம்மா என்ன செய்கிறார்? வேகமாக நடக்கும்போது கண்ணில் படாதவை படத்தில் தெரிந்தன.

அம்மாக்கள் பேச்சைக் குறைத்தார்கள். கட்டளையைக் குறைத்தார்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதையே தாங்களும் பார்த்தார்கள். ஆய்வு முடிவு 2016இல் வெளியானது. பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஏற்றபடி பழகுவது கூடியிருந்தது. குழந்தைகள் தாமாகவே அம்மாவிடம் ஒன்றைக் காட்டுவதும் கேட்பதும் கூடியிருந்தன.

குழந்தையின் உடம்பு சொல்லும் சேதியை முதலில் படிக்க வேண்டியவர் பெரியவர். பிறகுதான் குழந்தை.

ஒரு நோட்டுப் புத்தகம்

அகளி வீட்டுக்குத் திரும்புவோம். ஒரு நாள் அங்கன்வாடி டீச்சர் வந்தார். பையன் தூணில் கட்டியிருப்பதைப் பார்த்தார். பாட்டியைத் திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்தார்.

"பையன் எப்பவெல்லாம் அழறான், பாட்டி?" என்று கேட்டார்.

"எப்பவும்தாங்க டீச்சர்."

"எப்பவுமா? இப்ப அழலையே!"

பாட்டி யோசித்தார். பதில் சொல்ல முடியவில்லை.

டீச்சர் அம்மாவிடம் ஒரு நோட்டுக் கொடுத்தார். "பையன் கத்தும்போதெல்லாம் இதில் நாலு வரி எழுதுங்க. மணி என்ன? எங்கே இருந்தான்? அதுக்கு முன்னாடி என்ன நடந்தது? உடம்பில் என்ன தெரிஞ்சது? அவ்வளவு போதும்" என்றார்.

அம்மா முதியோர் வகுப்பில் எழுதக் கற்றவர். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் எழுதினார். இரண்டு வாரம் ஆனது. ஒரு நாள் இரவு பாட்டி, "என்ன எழுதியிருக்கேன்னு படி, கேக்கலாம்" என்றார். அம்மா படித்தார்.

காலை 7 மணி. சமையல் அறை. மிக்ஸி ஓடியது. காதைப் பொத்தினான்.

மதியம் 12 மணி. திண்ணை. சோறு தாமதம். பல்லைக் கடித்தான். நடந்தான்.

மாலை 5 மணி. ஜீப் வந்தது. ஹாரன். கையை உதறினான். முகம் சிவந்தது.

காலை 7 மணி. மிக்ஸி.

காலை 7 மணி. மிக்ஸி.

பாட்டி சட்டென்று சொன்னார்: "அட, மிக்ஸிதானா!"

மறுநாள் முதல் பையன் கொல்லையில் விளையாடும்போதுதான் மிக்ஸி ஓடியது. அப்பா வீட்டுக்கு வரும்போது ஹாரன் அடிப்பதை நிறுத்தினார். பசி வரும் முன்பே ராகிக் கஞ்சி கொடுத்தார்கள். பாதி அழுகை அதிலேயே குறைந்தது. அந்த நோட்டும் ஒரு கண்ணாடிதான்.

வீட்டில் விளையாடலாம்

மிக்ஸியை நிறுத்தலாம். ஊரில் உள்ள எல்லாச் சத்தத்தையும் நிறுத்த முடியாது. எனவே குழந்தையும் அமைதி அடையப் பழக வேண்டும். அதற்கு விளையாட்டு உதவும்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும். வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகும். எனவே மூச்சை நீளமாக, மெல்ல வெளியே விட்டால் படபடப்பு இறங்கும். ஆனால் சிறு குழந்தையிடம் "மூச்சை மெதுவாக விடு" என்றால் புரியாது. ஊதச் சொன்னால் புரியும்.

முதல் விளையாட்டு, குமிழி. சோப்புத் தண்ணீரில் பப்பாளி இலைக் காம்பை முக்கி ஊத வேண்டும். வேகமாக ஊதினால் குமிழி உடையும். மெல்ல ஊதினால் பெரிதாகும். மூச்சு சரியாக இருக்கிறதா என்று குமிழியே சொல்லிவிடும். குழந்தை தண்ணீரை உறிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓலைக் காற்றாடியும் நல்லதுதான்.

இரண்டாவது, வயிற்றுத் தோணி. குழந்தை மல்லாந்து படுக்க வேண்டும். வயிற்றின் மேல் ஒரு காகிதத் தோணி. மூச்சு இழுத்தால் தோணி மேலே போகும். விட்டால் கீழே வரும். "தோணி தூங்கட்டும்" என்று சொல்லி மெல்ல ஆட்டலாம். அம்மாவும் பக்கத்தில் படுத்துத் தன் வயிற்றில் ஒரு தோணி வைக்கலாம்.

மூன்றாவது, நெஞ்சுக் கொட்டு. குழந்தை முற்றத்தைச் சுற்றி ஓடிவரட்டும். பிறகு அம்மா அதன் மணிக்கட்டில் நாடியைப் பிடிக்க வேண்டும். மறு கையால் ஒரு டப்பாவைத் தட்ட வேண்டும். நாடி ஒரு முறை துடித்தால் ஒரு தட்டு. முதலில் டக் டக் டக் என்று வேகமாகக் கேட்கும். உட்கார்ந்து ஊதினால் டக்... டக்... என்று மெதுவாகும். தன் நெஞ்சின் சத்தத்தைக் குழந்தை காதால் கேட்கும்.

நான்காவது, மூன்று துணி. பச்சைத் துணி, மஞ்சள் துணி, சிவப்புத் துணி. மூன்றையும் சுவரில் தொங்கவிட வேண்டும். அமைதி என்றால் பச்சை. தவிப்புத் தொடங்கினால் மஞ்சள். மிஞ்சிவிட்டால் சிவப்பு. முதலில் பெரியவர்கள் தங்கள் நிறத்தைக் காட்ட வேண்டும். "அம்மா இப்ப மஞ்சள். அம்மா ஊதப் போறேன்" என்று சொல்லி ஊத வேண்டும். பேசாத குழந்தையும் துணியைத் தொட்டுக் காட்டப் பழகலாம்.

ஐந்தாவது, போர்வைச் சுருள். குழந்தைக்குப் பிடித்திருந்தால் போர்வையில் சுருட்டி மெல்ல அழுத்தலாம். தலையும் முகமும் எப்போதும் வெளியே இருக்க வேண்டும். போதும் என்று நெளிந்தால் உடனே விட்டுவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு ஊஞ்சல் பிடிக்கும்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த சிறு கருவி நினைவிருக்கிறதா? அதில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று ரத்தத்தில் உள்ள பிராண வாயு. மற்றொன்று இதயத் துடிப்பு. பாஸ்டன் விளையாட்டில் விரலில் மாட்டியதும் இப்படிப்பட்ட கருவிதான். ஆஷா பணியாளரிடமோ சுகாதார மையத்திலோ அது இருந்தால், ஓடிய பிறகும் ஊதிய பிறகும் எண்ணைப் பார்க்கலாம். எண் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதே விளையாட்டு. மாட்டிக்கொள்ளப் பிடிக்காவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஒன்றை மறக்கக் கூடாது. குழந்தை நன்றாக இருக்கும் நேரத்தில்தான் இந்த விளையாட்டுகளைப் பழக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் போதும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

அழுகை மிஞ்சிவிட்டால்

எவ்வளவு பழகினாலும் சில நாள் மிஞ்சிவிடும். அப்போது பாடம் நடத்தக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். கூட்டத்தை விலக்க வேண்டும். அடிபடும் பொருள்களை அகற்ற வேண்டும். தலையைத் தரையில் முட்டினால் கீழே தலையணை வைக்க வேண்டும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் மூச்சை மெல்ல விட வேண்டும். பெரியவரின் பதற்றம் குழந்தைக்கும் தொற்றும். பெரியவரின் அமைதியும் தொற்றும்.

அடிக்கக் கூடாது. சூடு போடக் கூடாது. கட்டிப் போடக் கூடாது. வாசலில் படலும் கொக்கியும் போட்டால் ரோட்டுக்கு ஓடுவதைத் தடுக்கலாம். கையை உதறுவது, உடம்பை ஆட்டுவது இவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. குழந்தை தன்னை அமைதிப்படுத்தச் செய்யும் வேலை அது.

அழுகை திடீரென்று கூடினால் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காது வலி, பல் வலி, மலச்சிக்கல் எதுவாகவும் இருக்கலாம். பேசாத குழந்தை வலியைச் சொல்லாது. சில ஆட்டிசக் குழந்தைகளுக்கு வலிப்பும் வரும். அப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

"முழுதாகக் குணமாக்குகிறோம், இவ்வளவு பணம் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. பயிற்சி உண்டு. பயிற்சியால் முன்னேற்றமும் உண்டு.

எங்கே போகலாம்?

ஆட்டிசமா இல்லையா என்று வீட்டார் முடிவு செய்யக் கூடாது. அகளியில் சமூக சுகாதார மையம் இருக்கிறது. கோட்டத்தறையில் அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே மருத்துவரிடம் காட்டலாம். மேலே எங்கே போவது என்று அவர் சொல்வார். பாலக்காடு மாவட்டத்திலேயே ஷொர்ணூர் அருகே கவளப்பாறையில் இக்கான்ஸ் என்ற நிறுவனம் உள்ளது. பேச்சு, மூளை வளர்ச்சி தொடர்பான குறைகளைப் பார்க்கும் கேரள அரசு நிறுவனம் அது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது.

சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. அதில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். விவரங்களை ஆஷா பணியாளரிடமோ பஞ்சாயத்திலோ கேட்கலாம்.

மற்றப் பெற்றோரோடும் சேர வேண்டும். தில்லியில் 1991ஆம் ஆண்டில் ஒரு ஆட்டிசக் குழந்தையின் தாய் முன்நின்று ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்போது நம் நாட்டில் ஆட்டிசம் என்ற சொல்லே பலருக்குத் தெரியாது.

மறுபடியும் கடைவீதி

ஆறு மாதம் ஆயிற்று. பையன் இன்னும் அதிகம் பேசவில்லை. டப்பா மூடியை இன்னும் சுழற்றுகிறான். சில நாள் இன்னும் கத்துகிறான். ஆனால் முன்போல் அடிக்கடி இல்லை.

ஒரு நாள் பாட்டி அவனைக் கடைக்கு அழைத்துப் போனார். கூட்டம் குறைவான காலை நேரம். திடீரென்று ஒரு லாரி ஹாரன் அடித்தது. பையன் காதைப் பொத்தினான். கால் அங்கும் இங்கும் போனது.

பாட்டி சேதியைப் படித்துவிட்டார். "வா கண்ணு" என்று கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். மடியில் இருந்த மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினார். தன் உள்ளங்கையில் மெல்ல ஊதினார். பையன் பார்த்தான். பாட்டியின் கையைப் பிடித்து அவனும் ஊதினான். ஒரு முறை. இரண்டு முறை. ஐந்து முறை.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னங்க பாட்டி, பையன் அடம் பிடிக்கிறானா?"

"அடம் இல்லீங்க" என்றார் பாட்டி. "அவனுக்குச் சத்தம் சேராது. ரெண்டு நிமிசம் பொறுங்க, வந்துருவோம்."

வீட்டு வாசலில் இப்போது ஒரு படல் இருக்கிறது. தூணில் கட்டிய கயிறு புளிய மரக் கிளையில் ஊஞ்சலாகத் தொங்குகிறது.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் ஊரில் இப்படி ஒரு குழந்தை இருக்கிறதா? அதன் தாயை யாராவது குறை சொல்கிறார்களா?

கடைவீதியில் ஒரு குழந்தை இப்படி அழுதால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

உங்களுக்குக் கோபம் வரும் முன் உங்கள் உடம்பு என்ன சேதி சொல்கிறது? ஒரு வாரம் கவனித்து எழுதிப் பாருங்கள்.